அதிகாலை பால்வெட்டு, ராத்திரி ஷிப்ட், திருவனந்தபுரம் ரயில்: நம்ம ஊர் வேலை நேரத்துக்கு எந்தப் பழக்கம் ஒத்துவரும்?

வேளிமலை (இழையைத் தொடங்கியவர்)

உடம்புக்குத் தெம்பு, மனசுக்கு நிம்மதி, வேலைக்கும் வீட்டுக்கும் சமநிலை என்று யார் எழுதினாலும் முதல் வரியே "காலை ஐந்து மணிக்கு எழுந்து நடங்கள்" என்றுதான் வருகிறது. குமரி மாவட்டத்தில் அது பலருக்குப் பொருந்தாது. குலசேகரம், திருவட்டாறு பக்கம் ரப்பர் மரத்தில் பால்வெட்டுக்குப் போகிறவர் ஐந்து மணிக்குள் பெரும்பங்கு மரங்களை முடித்திருப்பார். தோவாளைப் பூச்சந்தையில் அந்நேரம் வியாபாரம் சூடுபிடித்திருக்கும். வீட்டிலிருந்தே அமெரிக்க நிறுவனத்துக்கு வேலை செய்கிறவர் அப்போதுதான் லேப்டாப்பை மூடியிருப்பார். நாகர்கோவிலிலோ குழித்துறையிலோ திருவனந்தபுரம் ரயிலைப் பிடிக்கிறவருக்குக் குளிக்கவே நேரம் இருக்காது.

எனவே இந்த வேலை நேரங்களை மாற்ற முடியாது என்று வைத்துக்கொண்டு, அதற்குள் எதை மாற்றலாம் என்று எழுதுங்கள். எவ்வளவு, எத்தனை மணிக்கு, ஏன் என்ற மூன்றும் இருக்க வேண்டும். "நல்லதையே நினையுங்கள்" வகை வேண்டாம். சொந்தக் கதையும் வேண்டாம், அதற்கு வேறு இழைகள் நிறையக் கிடக்கின்றன.

மருந்துச்சீட்டு

தூக்கத்தில் தொடங்குவோம். அது சரியில்லாமல் உணவையும் உடற்பயிற்சியையும் பிடித்துத் தொங்குவதில் பெரிய பயன் இல்லை.

வயது வந்தவருக்கு நாளுக்கு 7 மணி நேரமாவது வேண்டும். படுக்கும் நேரத்தைக் கட்டிப்போடுவதுதான் எல்லோரும் செய்கிற தவறு. "பத்து மணிக்குத் தூங்கு" என்று உடம்புக்கு உத்தரவு போட முடியாது, "ஐந்தரைக்கு எழு" என்று போட முடியும். எழும் நேரமும், எழுந்த பிறகு கண்ணில் படும் வெளிச்சமும்தான் உடலின் கடிகாரத்தை அன்றன்றைக்குத் திருத்தி வைக்கின்றன. ஆகவே எழும் நேரத்தை நிலைநிறுத்துங்கள். விடுமுறை நாளிலும் ஒரு மணி நேரத்துக்கு மேல் தள்ளாதீர்கள். ஞாயிறு ஒன்பது வரை தூங்கினால் ஞாயிறு இரவு தூக்கம் பிந்தும், திங்கள் சோர்வு அதன் விளைவு. நேரத்தை முன்னால் கொண்டுவர வேண்டுமானால் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை 15 நிமிடம் வீதம் நகர்த்துங்கள். ஒரேயடியாக ஒரு மணி நேரம் இழுத்தால் நிற்காது.

அடுத்தது சாயா. காஃபீன் பாதியாகக் குறைய ஏறக்குறைய 5 மணி நேரம் ஆகும். மாலை 5 மணிக்குக் குடித்ததில் பாதி இரவு 10 மணிக்கும் ரத்தத்தில் இருக்கும். கருத்தடை மாத்திரை எடுப்பவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இன்னும் மெதுவாகத்தான் குறையும். "எனக்குக் காப்பி குடித்தாலும் தூக்கம் வரும்" என்பவர்களுக்கும் ஆழ்ந்த தூக்கத்தின் அளவு குறைந்துவிடும், காலையில் எழுந்தால் அசதி போகாது. படுப்பதற்கு 8 மணி நேரம் முன்பு கடைசி சாயா என்று வைத்துக்கொள்ளுங்கள். தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டுதல் ஒரு நாளுக்கு 300 மில்லிகிராம் காஃபீனை உச்சவரம்பாகச் சொல்கிறது. 150 மில்லி டிகாஷன் காப்பியில் 80 முதல் 120, டீயில் 30 முதல் 65. சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் இரண்டும் வேண்டாம் என்கிறது அதே வழிகாட்டுதல். டீயில் உள்ள டானின், சாப்பாட்டிலுள்ள இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது.

ரப்பர்சிரட்டை

மருந்துச்சீட்டு சார், கணக்கு செரிதான். ஆனா பால்வெட்டுக்காரங்களுக்குப் போட்டுப் பாருங்க. ராத்திரி எட்டுக்குப் படுக்கவங்க மத்தியானம் பன்னிரண்டோட சாயாவ நிறுத்தணும்னு வருது. நாலு மணிச் சாயா இல்லாத வீடு இங்க எங்க இருக்கு?

வெளியூர்க்காரங்களுக்காக ஒண்ணு சொல்லிடுதேன். ராத்திரி வெட்டுறது வீம்புக்கு இல்ல. வெயில் ஏறுறதுக்கு முன்ன மரத்துக்குள்ள அழுத்தம் கூடுதலா இருக்கும், பால் நல்லா ஓடும். வெயில் வந்தா இலை வழியா வெள்ளம் (தண்ணி) போயி அழுத்தம் குறைஞ்சிரும், பால் சீக்கிரம் உறைஞ்சு நிக்கும். ஒரு ஆளுக்கு முந்நூறு நானூறு மரம். அதனால ரெண்டரை மூணுக்கு எழும்பியே ஆகணும்.

எட்டு மணிக்கு ஒறங்குக்கது நடக்காது. டிவி ஓடும், பிள்ளைய படிக்கும். அதனால ஒறக்கத்த ரெண்டாப் பிரிக்கதுதான் வழி. ஒன்பதுல இருந்து ரெண்டரை, அது அஞ்சரை மணி நேரம். பாலெடுத்து, ரப்பர் ஷீட் அடிச்சு, குளிச்சு, சாப்பிட்டுட்டு பன்னிரண்டரைக்குப் படுத்தா ரெண்டு மணி வரை ஒன்றரை. ஏழு ஆச்சு. மத்தியானம் கண்ண மூடி மூடி எழும்புறது ஒறக்கம் இல்ல. முறி (ரூம்) இருட்டா இருக்கணும், போன் அடுத்த முறில கெடக்கணும்.

சாயாவுக்கு ஒரு வழி இருக்கு. நாலு மணிக்கு சுக்கு, மல்லி, நல்லமிளகு தட்டிப் போட்ட சுக்குவெள்ளம் குடிங்க. கடையில சுக்குக்காப்பின்னு குடுக்கது பலதுல காப்பித்தூளும் சேரும், கேட்டுட்டுக் குடிங்க.

மருந்துச்சீட்டு

பிரித்துத் தூங்குவது சரியான ஏற்பாடு. இரண்டு திருத்தம் மட்டும். பகல் தூக்கம் 20 நிமிடமாக இருக்கட்டும், அல்லது 90 நிமிடமாக இருக்கட்டும். நடுவில் 45 நிமிடம், ஒரு மணி நேரம் என்று எழுந்தால் ஆழ்ந்த தூக்கத்தின் நடுவில் எழுகிறோம், தலை கனத்து அரை மணி நேரம் கிறுகிறுப்பாக இருக்கும். அதைப் பார்த்துவிட்டுத்தான் பலர் பகல் தூக்கமே ஆகாது என்கிறார்கள். இரண்டாவது, பிற்பகல் 3 மணிக்கு மேல் வேண்டாம், இரவுத் தூக்கத்தை அது தின்றுவிடும்.

பிப்ரவரி, மார்ச்சில் ரப்பர் இலை உதிர்ந்து வெட்டு நிற்கும் காலத்தில் எல்லோரையும் போல ஆறரைக்கு எழுந்து பழகிவிட்டு, மறுபடி வெட்டு தொடங்கும் அன்று இரண்டரைக்கு எழுந்தால் முதல் வாரம் கத்தி கையில் நிற்காது. வெட்டு தொடங்குவதற்கு முன்பே, மேலே சொன்ன வீதத்தில் படிப்படியாக முன்னால் வாருங்கள். தொடர் மழையில் வெட்டு நிற்கும் நாட்களுக்கு எழும் நேரத்தை ஒரு மணி நேரத்துக்கு மேல் தள்ளாமல் இருந்தால் போதும்.

முட்டம் கலங்கரை

ராத்திரி ஷிப்ட் பார்ப்பவர்களின் சிக்கல் வேறு. வேலை தொடங்கும்போது நல்ல வெளிச்சம், முடியும்போது மங்கல், இந்த வரிசை முக்கியம். மாலை ஆறரைக்கு உட்கார்ந்து மூன்றரைக்கு எழுகிறவர் முதல் பாதியில் அறையின் எல்லா விளக்கையும் போடட்டும். கடைசி ஒன்றரை மணி நேரம் ஒரு மேசை விளக்கு, திரை வெளிச்சம் குறைவு. நாலரை மணிக்குள் படுத்துவிட்டால் விடியல் வெளிச்சம் கண்ணில் படாது. "விடியட்டும், ஒரு சாயா குடித்துவிட்டுப் படுக்கலாம்" என்று முற்றத்தில் நின்றால் உடம்பு அதைக் காலை என்று எடுத்துக்கொள்ளும், பிறகு புரண்டுகொண்டே கிடக்க வேண்டும்.

அறை தேர்வு: விடியலிலிருந்து பதினொன்று வரை தூங்குகிறவருக்குக் கிழக்குப் பார்த்த அறை ஆகாது, எட்டு மணிக்கே சுவர் சூடாகும். மேற்கு, வடக்கு அறைகள் நல்லது. கான்கிரீட் வீட்டில் மாடியை விடக் கீழ்த்தளம். ஜன்னலுக்குத் தடித்த கறுப்புத் துணி, நான்கு பக்கமும் சட்டத்தோடு ஒட்டியிருக்க வேண்டும். நடுவில் எவ்வளவு தடிமனாக இருந்தாலும் ஓரத்தில் ஒரு விரல் இடைவெளி விட்டால் போதும், மொத்த அறையும் வெளுத்துவிடும்.

இனி நம்ம ஊருக்கே உரிய பிரச்சினை: கூம்பு ஒலிபெருக்கி. அம்மன் கோயில் கொடை, பள்ளித் திருவிழா, கல்யாண வீடு, வருஷத்தில் எந்த வாரம் இல்லை சொல்லுங்கள். மருந்துக்கடையில் கிடைக்கும் பஞ்சு போன்ற காதடைப்பான் நன்றாக வேலை செய்யும். பலர் அதைக் காது வாசலில் செருகி வைத்துவிட்டுச் சத்தம் குறையவில்லை என்கிறார்கள். விரலால் உருட்டி மெல்லிய குச்சி போல ஆக்கி, மறு கையால் காதின் மேல்நுனியைப் பின்னுக்கும் மேலுக்கும் இழுத்துப் பிடித்து, உள்ளே விட்டு, அது விரியும் வரை அரை நிமிடம் அமுக்கிப் பிடிக்க வேண்டும். வெளியே பாதிக்கு மேல் துருத்திக்கொண்டிருந்தால் சரியாகப் போகவில்லை.

சாப்பாடு: நள்ளிரவு பன்னிரண்டிலிருந்து காலை ஐந்துக்குள் வயிறு நிறையச் சாப்பிடாதீர்கள். அந்நேரம் சர்க்கரையைக் கையாளும் திறன் உடலுக்குக் குறைவு. ஒரு மணிக்குப் பரோட்டாவும் பீஃபும் முடித்து நாலுக்குப் படுத்தால் நெஞ்செரிச்சலும் சேரும். இரவுச் சாப்பாட்டை ஒன்பது மணிக்குள் முடியுங்கள். நடுவில் பசித்தால் அவித்த பயறு ஒரு கிண்ணம், இரண்டு மட்டிப்பழம், மோர்.

அலுவலகத்திலிருந்து பைக்கில் திரும்புகிறவர்களுக்கு: கண் சொக்கினால் முகத்தில் அடிக்கும் காற்றோ முகம் கழுவுவதோ உதவாது. ஒரு டீயைக் குடித்துவிட்டு உடனே அங்கேயே 15 நிமிடம் கண்ணயருங்கள். காஃபீன் ஏற அரை மணி நேரம் பிடிக்கும், எழுந்த சற்று நேரத்தில் இரண்டு பலனும் சேர்ந்து கிடைக்கும். அன்று தூக்கம் சற்றுப் பிந்தும்தான். பரவாயில்லை, உயிரோடு வீடு சேர்ந்திருப்பீர்கள்.

கருப்பட்டி பிரியன்

எதுக்கு மக்கா இத்தன கணக்கு? நம்ம தாத்தா பாட்டி காலத்துல காலத்த பழங்கஞ்சி, பகல்ல அக்கானி (பதநீர்), வைட்டு கருப்பட்டிக் காப்பி. ஒரு சோர்வும் கெடையாது. கருப்பட்டி சுகர்காரங்களுக்குக் கூட ஒண்ணும் செய்யாது. வெள்ளைச் சீனிதான் எல்லாத்துக்கும் காரணம்.

புட்டுக்குத்தி

அண்ணே, கோவிச்சுக்கிடாதீங்க, கடைசியில் சொன்னது ஆளைக் கொல்லும். கருப்பட்டியில் பெரும்பகுதி அதே சுக்ரோஸ்தான். கொஞ்சம் தாதுச்சத்து உண்டு. ஒரு தேக்கரண்டியில் வரும் அந்தத் தாதுவுக்காகச் சர்க்கரை நோயாளி அதைக் குடிப்பது நஷ்டக் கணக்கு. ரத்தச் சர்க்கரை ஏறவே செய்யும். அக்கானி ஒரு டம்ளர், 200 மில்லி, ஏறக்குறைய 20 கிராம் சர்க்கரை. சேர்த்துக்கொள்ளும் சர்க்கரைக்கு நாளுக்கு 25 கிராம் என்ற வரம்பில் பெரும்பங்கு அதிலேயே போய்விடும். பனையேறி இறங்குகிற ஆளுக்கு அது எரிந்துபோகும். நாற்காலியில் இருக்கிற ஆளுக்கு?

பழங்கஞ்சியில் உங்களோடு எனக்குச் சண்டை இல்லை. நல்ல உணவு. ஆனால் தண்ணீர் கொதித்து ஆறியதாக இருக்கட்டும், பானை அன்றன்றைக்குக் கழுவிக் காய்ந்ததாக இருக்கட்டும், இரவு ஊற்றியதைக் காலையில் முடித்துவிடுங்கள். இலேசான புளிப்பு வாசனை சரி. வழுவழுப்போ வேறு நாற்றமோ வந்தால் கொட்டிவிடுங்கள். மதியம் வரை அடுப்படியில் வெளியே கிடந்த சோற்றில் தண்ணீர் ஊற்றினால் அது பழங்கஞ்சி ஆகாது. சோற்றில் வளரும் ஒரு பாக்டீரியாவின் நச்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது.

இனி தெம்பு விஷயம். காலை பதினொன்றுக்குக் கண் செருகுவதற்கு ஒரு காரணம் காலைத் தட்டில் புரதம் இல்லாதது. புட்டும் பழமும் சீனியும் என்றால் முழுக்க மாவும் சர்க்கரையும், வேகமாக ஏறி வேகமாக இறங்கும், உடனே ரசவடை தேடும். புட்டு வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒரு குத்திப் புட்டைப் பாதியாக்கி, கூட ஒரு கிண்ணம் கடலைக்கறியோ சிறுபயறோ வையுங்கள். பழம் ஒன்று, சீனி வேண்டாம். இல்லையென்றால் ஒரு முட்டை. தோசைக்கு வெறும் தேங்காய்ச் சட்னியோடு நிறுத்தாமல் சாம்பாரைக் கெட்டியாக வையுங்கள்.

மரச்சீனியைப் (மரவள்ளிக்கிழங்கு) பற்றி ஒரு வார்த்தை. சோற்றைப் போல அதுவும் மாவுதான், 100 கிராமில் புரதம் ஒன்று, ஒன்றரை கிராமுக்கு மேல் வராது. அதோடு சாளைக்கறி (மத்தி மீன்) வைத்த முன்னோர்கள் தெரிந்தே வைத்தார்கள், 100 கிராம் சாளையில் 20 கிராம் அளவில் புரதம். கெடுவது எங்கே என்றால், மரச்சீனியும் தின்றுவிட்டு மேலே சோறும் போட்டுக்கொள்வதில். ஒன்று இருந்தால் மற்றது வேண்டாம். வேகவைக்கும்போது தோலைத் தடிமனாக உரித்து, சிறு துண்டாக்கி, நிறையத் தண்ணீரில் மூடாமல் கொதிக்க விட்டு அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். கிழங்கிலுள்ள சயனைடுப் பொருள் அதோடு போகும். கசக்கிற கிழங்கை எறிந்துவிடுங்கள், சுவைக்காக உப்புக் கூட்டிப் பார்க்காதீர்கள்.

மதியம்: தட்டில் பாதி காய்கறி. அவியல், தோரன், கீரை, எது கிடைக்கிறதோ. கால்பங்கு சோறு, கால்பங்கு மீனோ பயறோ. கறியைச் சோற்றுக்குத் தொட்டுக்கொள்வது என்ற நினைப்பை விட்டால்தான் இது வரும். முதல் நாலு வாய் காய்கறியும் மீனும் மட்டும், பிறகு சோறு. சாப்பிட்டதும் பத்து நிமிடம் வீட்டைச் சுற்றியாவது நடங்கள். ஓடுகிற தசை ரத்தத்திலிருந்து சர்க்கரையை எடுத்துக்கொள்ளும், அதனால் மூன்று மணி மயக்கம் குறையும். முழுசாகப் போகாது. பிற்பகல் சோர்வில் ஒரு பங்கு உடல் கடிகாரத்தின் வேலை.

எண்ணெய்: ஆளுக்கு மாதம் அரை லிட்டர் கணக்கு வையுங்கள். நம்ம சமையலில் தேங்காய் தனியாக வருகிறது என்பதை மறக்க வேண்டாம். துருவிய தேங்காயில் மூன்றில் ஒரு பங்கு கொழுப்பு. தீயலுக்கு அரைமுறித் தேங்காய் வறுத்து அரைத்த நாளில் தாளிப்புக்கு ஒரு தேக்கரண்டி போதும், மேலே பச்சைத் தேங்காயெண்ணெய் ஊற்றுவதை விட்டுவிடுங்கள்.

உப்பு: எல்லாம் சேர்த்து நாளுக்கு 5 கிராம், ஒரு தேக்கரண்டி. கருவாடும் ஊறுகாயும் பப்படமும் ஒரே வேளையில் வந்தால் அந்த ஒரு சாப்பாட்டிலேயே தீர்ந்துவிடும். கருவாட்டை வெதுவெதுப்பான தண்ணீரில் அரை மணி நேரம் ஊற வைத்து, தண்ணீரை இரண்டு முறை மாற்றிச் சமையுங்கள்.

கருப்பட்டி பிரியன்

கருப்பட்டிக்கு இத்தன திட்டா! செரி, சுகர்காரங்க விஷயத்த வாபஸ் வாங்குதேன். மத்தவங்களுக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு ஆகும்?

புட்டுக்குத்தி

மற்றச் சர்க்கரை எல்லாவற்றோடும் சேர்த்து 25 கிராமுக்குள். ஒரு காப்பிக்கு 10 கிராம் கருப்பட்டி போட்டால் இரண்டு காப்பி, அன்றைக்கு ஏத்தங்காய் அப்பமும் முந்திரிக்கொத்தும் கிடையாது.

நிமிர்ந்து நில்

நடை, பயிற்சி பற்றி. உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல்: வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு, அதோடு வாரம் இரண்டு நாளாவது தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சி. முதல் பாதியை எல்லோரும் சொல்கிறார்கள், இரண்டாவது பாதியை யாரும் சொல்வதில்லை. மிதம் என்றால் பேச முடியும், பாட முடியாது. அந்த வேகம் இருந்தால் 10 நிமிடமாகப் பிரித்தாலும் கணக்கில் வரும்.

"வீட்டு வேலை செய்கிறேனே, தோட்ட வேலை செய்கிறேனே" என்பது பாதி சரி. மூச்சு வாங்க வைக்கிற வேலை நடைக்கணக்கில் சேரும். ஆனால் ஒரே தசையை ஒரே விதமாகத் தேய்க்கிற வேலை வலுவைக் கூட்டாது, தேய்மானத்தைத்தான் கூட்டும். பால்வெட்டில் தாழ்ந்த பட்டையில் குனிந்து சுற்றுவதால் இடுப்பு, உயர்ந்த பட்டையில் அண்ணாந்து பார்ப்பதால் கழுத்து. அண்டி ஆபீசில் (முந்திரி ஆலை) தரையில் மடக்கி உட்கார்ந்து தோல் நீக்குகிறவர்களுக்கு முழங்காலும் கட்டைவிரல் மூட்டும். கடலோரத்தில் வலை இழுக்கிறவர்களுக்குத் தோள்.

பால்வெட்டுக்காரர்கள் தாழ்ந்த மரத்தில் இடுப்பை வளைப்பதை விட ஒரு காலைப் பின்னால் வைத்து முழங்காலை மடக்குங்கள். பால் வாளியை ஒரே கையில் சுமக்காமல் பாதிப் பாதியாக இரு கையிலும். இரண்டு வாளியில் பத்துப் பத்து கிலோ தூக்குவது ஒரு வாளியில் பதினைந்து கிலோ தூக்குவதை விட முதுகுக்கு எளிது. ஐம்பது மரத்துக்கு ஒருமுறை நிமிர்ந்து, கைகளை இடுப்பின் பின்புறம் வைத்து ஐந்து முறை பின்னால் சாயுங்கள். ஒரு நிமிடம்கூட ஆகாது. அண்டி ஆபீசில் அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நிற்க மேற்பார்வையாளர் விட வேண்டும். அது தொழிலாளர் கையில் மட்டும் இல்லை என்பதும் தெரியும். விடாத இடத்தில் காலை நீட்டி மடக்கி மாற்றி உட்காருவதாவது செய்யுங்கள். ஆறு அங்குல மணை ஒன்று கிடைத்தால் முழங்காலுக்குப் பெரிய ஆறுதல்.

வலுவுக்கு வீட்டில் செய்ய மூன்றே போதும். நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்து உட்காருவது, பத்து முறை, மூன்று சுற்று. சுவரில் கை வைத்துத் தண்டால், அதே அளவு. படியின் விளிம்பில் நின்று குதிகாலை உயர்த்தி இறக்குவது, பதினைந்து முறை. நாற்காலி எளிதாகிவிட்டால் இறங்கும்போது நாலு எண்ணிக்கை எடுத்துக்கொண்டு மெதுவாக உட்காருங்கள். சுற்றுகளுக்கு நடுவே ஒரு நிமிடம் விட்டால் மொத்தம் கால் மணி நேரம்.

நடக்கிற இடம். நாகர்கோவிலில் அண்ணா ஸ்டேடியம் இருக்கிறது. சொத்தவிளை, சங்குத்துறை கடற்கரையில் நடப்பவர்கள் காய்ந்த மணலில் வேகமாக நடந்து குதிகால் நரம்பு வலியை வாங்கி வருகிறார்கள். உள்ளே புதையும் மணலில் குதிகால் கீழே போக, பின்கால் தசை அளவுக்கு மீறி இழுபடும். அலை தொட்டுப்போன இறுகிய மணலில் நடங்கள். அதுவும் கடலைப் பார்த்துச் சரிவாக இருப்பதால் ஒரு கால் எப்போதும் தாழ்ந்திருக்கும். போன தூரம் அதே கரையில் திரும்பி வந்தால் இரு காலுக்கும் சமமாகும். அங்கிருந்து ஆட்டோ பிடித்தால் ஆகாது. ஆரல்வாய்மொழிப் பக்கம் காற்றுக் காலத்தில் சைக்கிள் மிதிப்பவர்கள் போகும்போது எதிர்காற்று, வரும்போது பின்காற்று என்று வழியைத் தேர்ந்தெடுங்கள். களைத்த பிறகு எதிர்காற்றில் மாட்டினால் மறுநாள் சைக்கிளைத் தொடவே தோன்றாது.

அரசு 2023 நவம்பரில் தொடங்கிய "நடப்போம் நலம் பெறுவோம்" நடைபாதை 8 கிலோமீட்டர். முதல் நாளே முழுதும் நடக்க வேண்டாம். பத்து நிமிடம் போய்த் திரும்புங்கள், வாரத்துக்கு ஐந்து நிமிடம் கூட்டுங்கள்.

மழை? இங்கே ஜூனிலும் பெய்யும், அக்டோபரிலும் பெய்யும். மழைக்காலம் முடிந்து பார்க்கலாம் என்றால் பாதி வருஷம் போய்விடும். மாடிப்படியில் ஐந்து நிமிடம் ஏறி இறங்குவது, நாளுக்கு மூன்று முறை.

ஏழுமணி பாசஞ்சர்

ரயிலில் போகிறவர்களில் குறிப்பாகப் பெண்கள் செய்கிற ஒன்று: கழிப்பறைக்குப் பயந்து காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் இருப்பது. மாலைத் தலைவலிக்கும் அடிக்கடி வரும் சிறுநீர்த் தொற்றுக்கும் அது ஒரு காரணம். எழுந்ததும் 400 மில்லி குடியுங்கள், ரயில் ஏறுவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பு. கிளம்பும் முன் ஒருமுறை போய்விட்டால் பயணத்தைத் தாண்டலாம். அலுவலகம் சேர்ந்ததும் மேலும் 400. மதியத்துக்குள் ஒரு லிட்டர், சாயந்தரம் கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்பு நிறுத்தம்.

காலைப் பயணத்தில் வேலை பார்க்கலாம், மாலைப் பயணத்தில் பார்க்காதீர்கள். கிளம்பும் முன் ஐந்து நிமிடம் எடுத்து நாளைக்குச் செய்ய வேண்டிய மூன்றைக் காகிதத்தில் எழுதி மேசையில் வைத்துவிடுங்கள். முடியாத வேலைதான் மண்டைக்குள் சுற்றிக்கொண்டே வரும், எழுதிவிட்டால் அந்தச் சுற்றல் குறையும். ஆபீஸ் வாட்சப் குழுவை மாலை ஏழிலிருந்து சத்தமில்லாமல் வையுங்கள். உண்மையான அவசரத்துக்குப் போன் பண்ணச் சொல்லுங்கள். போன் பண்ணக் கூசுகிற அளவுக்குச் சின்ன விஷயம் என்றால் அது காலை வரை தாங்கும்.

கருமணல்

வீட்டிலிருந்து வேலை செய்கிறவர்கள் பற்றி யாரும் தொடவில்லையே. "வீட்லதானே இருக்க" என்ற ஒரு வார்த்தையில் கேஸ் சிலிண்டர் வாங்குவதில் தொடங்கி அத்தையை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவது வரை அவர்கள் தலையில் விழும். வாய்ச்சொல் நிற்காது. வேலை நேரத்தைக் காலண்டரில் எழுதி அடுப்படியில் மாட்டுங்கள். கூடவே வேலையில்லாத இரண்டு மணி நேரத்தையும் எழுதுங்கள், "இந்நேரம் எதுக்கும் கூப்பிடலாம்" என்று. எப்போது கூப்பிடலாம் என்று தெரிந்தால் வீட்டார் காத்திருப்பார்கள்.

இன்னொன்று வளைகுடா போன். சவூதி, குவைத், கத்தார் நமக்கு இரண்டரை மணி நேரம் பின்னால், துபாய் ஒன்றரை. அங்கே சாப்பிட்டு முடித்து ஒன்பதரைக்குக் கூப்பிட்டால் இங்கே நடுராத்திரி பன்னிரண்டு. பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்ப ஐந்தரைக்கு எழும் பெண்ணுக்கு ஐந்து மணி நேரத் தூக்கம்தான் மிச்சம், அது வருஷக்கணக்கில். போனை அவருடைய மதிய இடைவேளைக்கு மாற்றுங்கள், ரியாத்தில் பன்னிரண்டரை என்றால் இங்கே மூன்று. இரவில் நம்ம நேரம் ஒன்பதரைக்குள் பத்து நிமிடம், பிள்ளைகள் முகம் பார்க்க. நீண்ட பேச்சு விடுமுறை நாள் பகலில். சவூதியில் வெள்ளி சனி, துபாயில் 2022 ஜனவரியிலிருந்து சனி ஞாயிறு.

ஞாயிற்றுக்கிழமையையும் சேர்த்துப் பேசுங்கள். காலையில் கோயில், மதியம் ஒரு கல்யாணம், மாலை பால்காய்ச்சு (புதுமனை புகுவிழா), இரவு இன்னொரு வரவேற்பு. ஓய்வு எங்கே? வெள்ளிக்கிழமை இரவே பத்திரிகைகளை எடுத்து வைத்து, குடும்பத்தில் யார் எதற்கு என்று பிரியுங்கள். எல்லாரும் எல்லாவற்றுக்கும் போக வேண்டியதில்லை. முகம் காட்டியே ஆக வேண்டியதற்கு முதல் நாள் மாலையே வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டால் கல்யாணப் பெண்ணின் அம்மாவுக்கும் பேச நேரம் இருக்கும்.

ரப்பர்சிரட்டை

கருமணல் அக்கா, கடைசியா சொன்னது கொள்ளாம். ஆனா அங்க சாப்பிடாம வந்தா பரிபவம் (மனத்தாங்கல்) ஆகிருமே?

கருமணல்

ஒரு சாயா குடித்துவிட்டு வாருங்கள் தம்பி. மத்தியானத்துக்கு முன்னால் என்றால் மட்டும்!

மருந்துச்சீட்டு

இதையெல்லாம் மூன்று வாரம் ஒழுங்காகச் செய்தும் சோர்வு போகவில்லை என்றால் பழக்கத்தைக் குறை சொல்வதை நிறுத்திவிட்டு ரத்தப் பரிசோதனைக்குப் போங்கள். ஹீமோகுளோபின் பெண்களுக்கு 12க்குக் கீழ், ஆண்களுக்கு 13க்குக் கீழ் என்றால் ரத்தசோகை. அதோடு தைராய்டு, வெறும் வயிற்றுச் சர்க்கரை, வைட்டமின் பி12. பலத்த குறட்டையும் நடுவில் மூச்சு நின்று திணறுவதும் உண்டா என்று பக்கத்தில் படுப்பவரைக் கேளுங்கள். அப்படி இருந்தால் ஒன்பது மணி நேரம் படுத்தாலும் பகலில் கண் சொக்கும், நுரையீரல் அல்லது காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பார்க்க வேண்டும். 2021இல் தொடங்கிய "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தில் வீட்டுக்கு வரும் பணியாளரிடம் பிரஷரும் சர்க்கரையும் பார்த்துக்கொள்ளலாம். இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லாமல், தூக்கமும் பசியும் மாறிக் கிடந்தால் அதைச் சோம்பல் என்று ஏசாதீர்கள். 14416 என்ற டெலிமானஸ் எண்ணில் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை.

இரும்புச்சத்து மாத்திரை எடுப்பவர்கள் எலுமிச்சை வெள்ளத்தோடோ நெல்லிக்காயோடோ எடுங்கள். பால், டீயோடு எடுத்தால் பாதிப் பயன் போய்விடும்.

ரப்பர்சிரட்டை

தைராய்டுன்னு சொன்னதுனால ஒரு சந்தேகம். அதுக்குள்ள மாத்திரைய வெறும் வயித்துல காலத்த போடணும்னு டாக்டர் எழுதுவாங்க. ரெண்டரைக்கு எழும்புறவங்களுக்குக் காலைன்னா எது? வெட்டு முடிச்சு எட்டு மணிக்குப் போட்டா ஆகுமா? அதுக்குள்ள ரெண்டு சாயா உள்ள போயிருக்கும்.

மருந்துச்சீட்டு

எட்டு மணி ஆகாது. எழுந்த உடனே, இரண்டரைக்கே, வெறும் தண்ணீரில் போட்டுவிடச் சொல்லுங்கள். சாயா குறைந்தது அரை மணி நேரம் கழித்து, ஒரு மணி நேரம் என்றால் இன்னும் நல்லது. கால்சியம், இரும்பு மாத்திரைக்கும் இதற்கும் நாலு மணி நேர இடைவெளி வேண்டும். வெட்டு இல்லாத நாளில் எழும் நேரம் ஒரு மணி முன்பின் ஆனால் பரவாயில்லை, வெறும் வயிறு என்பதுதான் முக்கியம். இப்போது வேறு நேரத்தில் எடுப்பவர்கள் மாற்றும் முன் மருத்துவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், அளவை மறுபடி சரிபார்க்க நேரலாம்.

ரப்பர்சிரட்டை

சட்டைப்பையில அட்டையப் போட்டுட்டுப் போயி தோட்டத்துல வச்சுப் போடுறவங்களும் உண்டு.

மருந்துச்சீட்டு

வேண்டாம். அந்த மாத்திரைக்குச் சூடு, ஈரம், வெளிச்சம் மூன்றும் ஆகாது. வியர்வையில் நனைந்த பையில் கிடந்தால் வீரியம் குறையும். அட்டையிலிருந்து முன்கூட்டியே பிரித்து டப்பாவில் போடவும் வேண்டாம். கட்டில் பக்கத்து அலமாரியில் இருக்கட்டும், அடுப்புக்கு மேல் இருக்கும் தட்டில் வேண்டாம். தலைவிளக்கை எடுக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே வைத்தால் மறக்காது.